டெட் வில்லியம்ஸுக்கு இன்னும் ஐந்து வருஷம்

பேஸ்பால் பத்தி தமிழில் ஒரு பதிவான்னு ஓடிடாதீங்க மக்களே. நம்மில் பாதிப் பேர் தெரியாமலே தினமும் பேஸ்பால் பாஷைதான் பேசிக்கிட்டிருக்கோம். "எக்ஸாக்டா வேண்டாம்ப்பா, ஒரு பால்பார்க் ஃபிகர் சொல்லு"ன்னு மேனேஜர் கேட்கிறாரே, அந்தப் பால்பார்க் பேஸ்பால் மைதானம்தான். ரிலீசுக்கு முதல் நாள் கிளையன்ட் போடுகிற கர்வ் பால், அது பிட்சர் கையிலிருந்து வளைஞ்சு வர்ற பந்து. வார்த்தையை மட்டும் வாங்கிக்கிட்டு ஆட்டத்தை விட்டுட்டோம்.

நான் ஆட்டத்துக்குள் போனது மைதானம் வழியா இல்லை, கம்ப்யூட்டர் வழியா. ஹிஸ்டாரிகல் சிமுலேஷன்னு ஒரு வகை விளையாட்டு இருக்கு. இதில் துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது, பார்க்கிறவங்களுக்கு எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும். ஆபீஸ்ல திறந்து வெச்சா கூட யாருக்கும் சந்தேகம் வராது :-) ஆனா அதுக்குள்ள நூறு வருஷத்து பேஸ்பால் மொத்தமும் இருக்கு. 1901-லயோ 1941-லயோ எந்த வருஷத்தில் வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். அன்னிக்கு இருந்த அணிகள், அன்னிக்கு ஆடின ஆட்கள். அதுக்கப்புறம் நடக்கிறது சரித்திரத்தில் நடந்த மாதிரியே நடக்காது.

ரெண்டே ரெண்டு விஷயம் தெரிஞ்சா மேலே படிக்கலாம். ஒண்ணு, பேட்டிங் ஆவரேஜ். கிரிக்கெட் மாதிரி ரன்னை வெச்சுக் கணக்கு போடறதில்லை. அடிச்சுட்டு ஓடி பத்திரமா பேஸ் சேர்ந்த தடவைகளை, மட்டை பிடிச்ச வாய்ப்புகளால் வகுத்தா வர்றது. பத்துக்கு மூணு தடவை தேறினா .300. அவர் நல்ல ஆட்டக்காரர். அதாவது பத்தில் ஏழு தடவை சொதப்புறவர்தான் அங்கே நட்சத்திரம். .400-ங்கிறது கனவு. ரெண்டு, ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரி, ஆனா அதைவிட அரிது. ஒரு வருஷத்தில் முப்பது அடிச்சாலே ஊர் கொண்டாடும்.

சின்ன வயசில் எல்லாரும் புக் கிரிக்கெட் ஆடியிருப்போம். பாடப் புஸ்தகத்தைப் புரட்டி, வர்ற பக்க எண்ணோட கடைசி இலக்கம்தான் ரன். பூஜ்யம் வந்தா அவுட். அதில் சச்சினும் ஒண்ணு, வெங்கடபதி ராஜுவும் ஒண்ணு. புக்குக்கு ஆள் யாருன்னு தெரியாது. அதைத் தெரிய வைக்கிறதுதான் சிமுலேஷன்.

இந்த யோசனைக்கு வயசு வீட்டுக் கம்ப்யூட்டரை விட ரொம்ப அதிகம். ஈத்தன் ஆலன் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் 1941-ல் ஒரு விளையாட்டு கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வட்ட அட்டை. அதில் அவர் நிஜத்தில் எத்தனை ஹோம் ரன், எத்தனை ஸ்ட்ரைக்அவுட்னு பார்த்து அதுக்கேத்த அளவில் துண்டு போட்டிருக்கும். நடுவில் ஒரு முள்ளைச் சுத்தி விடணும். பேப் ரூத் அட்டையில் ஹோம் ரன் துண்டு பெரிசு. இதை ஆடிப் பார்த்த ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் பக்கத்துப் பையனுக்குத் திருப்தி இல்லை. பந்து போடுறவன் யாரா இருந்தாலும் ஒரே முடிவு வருதே, இது என்ன ஆட்டம்? 1948-ல், பதினோரு வயசில், அவன் சொந்தமா அட்டை எழுத ஆரம்பிச்சான். மூணு பகடை. ஒரு பகடையில் ஒண்ணு முதல் மூணு வரை விழுந்தா பேட்டரோட அட்டையைப் பார், நாலு முதல் ஆறு வரைன்னா பிட்சரோட அட்டையைப் பார். மத்த ரெண்டு பகடையின் கூட்டுத்தொகை என்ன நடந்துச்சுன்னு சொல்லும். எவ்வளவு எளிமை பாருங்க! 1961-ல் அதை ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்னு பேர் வெச்சு விற்க ஆரம்பிச்சார். ஆரம்பத்தில் அப்பாகிட்ட கடன். தோத்துப்போனா அப்பாவோட இன்சூரன்ஸ் தொழிலுக்கே வந்துடறேன்னு பேச்சு. தோற்கவில்லை.

கம்ப்யூட்டரில் இதன் பெரிய வாரிசு அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால். 1999-ல் முதல் பதிப்பு. எழுதினவர் மார்க்கஸ் ஹைன்சோன், ஜெர்மன்காரர். பேஸ்பாலைப் பெரிசா யாரும் கண்டுக்காத நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவோட சரித்திரத்தையே கோடு எழுதி வெச்சுட்டார் மனுஷன். புள்ளிவிவரத்துக்கு ஷான் லேமன் என்ற பத்திரிகையாளர் 1990களின் நடுவிலிருந்து இலவசமாகக் கொடுத்துவந்த டேட்டாபேஸ் கைகொடுத்தது. 1871-லிருந்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வருஷத்துக்கு ஒரு வரிசை.

இனிமேல்தான் விஷயம். ஒரு பழைய ஆட்டக்காரரை மறுபடி ஆட வைக்க ரெண்டு வழி இருக்கு. முதல் வழியில், ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் அந்த வருஷம் அவர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ, அதை வெச்சு அவர் திறமையைத் திரும்ப நிர்ணயிக்கும். 1941-ல் நிஜத்தில் பிரமாதமா ஆடினவர் விளையாட்டிலும் 1941-ல் பிரமாதமா ஆடுவார், கொஞ்சம் முன்னே பின்னே. இதுக்கு நான் வெச்ச பேர் தலையெழுத்து மோடு. ரெண்டாவது வழியில், ஆரம்பத் திறமை மட்டும்தான் சரித்திரத்திலிருந்து. அதுக்கப்புறம் வளர்ச்சி, காயம், தளர்ச்சி எல்லாம் பகடை. மேதை மொக்கை ஆகலாம், மொக்கை மேதை ஆகலாம்.

தலையெழுத்து மோடிலும் முடிவு அப்படியே வராது. ஏன்னு ஒரு கணக்கு. ஒருத்தரோட உண்மையான திறமை .300-னு வெச்சுக்குங்க. சீசனுக்கு 600 வாய்ப்பு. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டா ஏறக்குறைய .019 வரும். அதாவது திறமையில் துளி மாற்றம் இல்லாமலே ஒரு வருஷம் .265 வரும், இன்னொரு வருஷம் .335 வரும். முதலாவதுக்கு பேப்பர்காரன் 'ஃபார்ம் அவுட்'னு எழுதுவான், ரெண்டாவதுக்கு 'புதிய அவதாரம்'னு எழுதுவான். ரெண்டும் பகடை.

இதைக் கையில் வெச்சுக்கிட்டு டெட் வில்லியம்ஸுக்கு வருவோம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி, 1939 முதல் 1960 வரை. 1941-ல் .406. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்தில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் எதிலும் யாரும் .400-ஐத் தொடலை. அந்த சீசனின் கடைசி நாள் காலையில் அவர் ஆவரேஜ் .39955. சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தா ரவுண்ட் ஆஃப் பண்ணி .400-னு எழுதிக் கொடுத்திருப்பாங்க. மனுஷன் உட்காரலை. அன்னிக்கு இருந்த ரெண்டு ஆட்டத்திலும் இறங்கி எட்டுக்கு ஆறு அடிச்சார். 456 வாய்ப்பில் 185 ஹிட். அந்த வருஷம் அவரோட உண்மைத் திறமை .360-னு வெச்சுக்கிட்டு மேல சொன்ன கணக்கைப் போட்டா, .400 வர்றதுக்கு நூத்துக்கு நாலு வாய்ப்பு. 1941-ஐ இருபத்தஞ்சு தடவை ஓட்டினா ஒரு தடவை. அந்த ஒரு தடவைதான் நமக்குக் கிடைச்சிருக்கிற சரித்திரம். சிமுலேஷன் ஆட ஆரம்பிச்சப்புறம் சரித்திரப் புஸ்தகத்தைப் படிக்கிற விதமே மாறிப்போச்சுன்னா அதுக்கு இந்த மாதிரி கணக்குதான் காரணம்.

சரி, பெரிய கேள்வி அது இல்லை. 1943, 44, 45 மூணு வருஷமும் டேட்டாபேஸில் அவருக்கு வரிசையே கிடையாது. போர். விமானம் ஓட்டக் கத்துக்கிட்டு, மத்தவங்களுக்குக் கத்துக்கொடுத்துக்கிட்டிருந்தார். திரும்பி வந்து ஆறு சீசன் ஆடினப்புறம் 1952-ல், 33 வயசில், ரிசர்வ் லிஸ்டில் பேர் இருக்குன்னு மறுபடி கூப்பிட்டுட்டாங்க. இந்தத் தடவை கொரியா. கிளம்பறதுக்கு முன்னாடி ஏப்ரல் 30-ம் தேதி பாஸ்டனில் அவருக்கு வழியனுப்பு. கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடிச்சுட்டுப் போனார். கொரியாவில் 39 தடவை சண்டைக்குப் பறந்தார். 1953 பிப்ரவரியில் விமானத்தில் குண்டடி பட்டு, எரிஞ்சுக்கிட்டிருந்த விமானத்தை வயிற்றுப் பக்கமா இறக்கி, குதிச்சு ஓடித் தப்பிச்சார். ஆகஸ்டில் திரும்பி வந்து மிச்சமிருந்த சீசனில் 37 ஆட்டம், .407, 13 ஹோம் ரன். இதெல்லாம் சினிமாவில் வந்தா லாஜிக் இல்லைன்னு விமர்சனம் எழுதுவோம்.

வரிசை காலியா இருந்தா நாம என்ன பண்ணுவோம்? முன்னாடி பின்னாடி இருக்கிற வரிசையை வெச்சு நிரப்புவோம். 1942-ல் 36 ஹோம் ரன், 1946-ல் 38. நடுவில் மூணு வருஷத்துக்கு சராசரி 37 போட்டா 111. கொரியாவுக்கு: 1951-ல் 30, 1954-ல் 29. ரெண்டு வருஷத்துக்கு 59, அதில் ஏற்கனவே அடிச்ச 14-ஐக் கழிச்சா 45. மொத்தம் 156. நிஜத்தில் அடிச்சது 521. கூட்டினா 677. 1960-ல் அவர் ஓய்வு பெற்றப்போ அவருக்கு முன்னால் ரெண்டே பேர், ரூத் 714, ஜிம்மி ஃபாக்ஸ் 534. 677 இருந்திருந்தா ரூத்துக்கு 37 பாக்கி. அந்தக் கடைசி வருஷத்தில் 42 வயசில் 29 அடிச்ச மனுஷன், 37 பாக்கின்னா மட்டையைக் கீழே வெச்சிருப்பாரா? 1974-ல் ஹாங்க் ஆரன் ரூத்தின் 714-ஐத் தாண்டினப்போ நாடே பார்த்துது. அந்த நம்பரே வேறயா இருந்திருக்கலாம். (நம்ம பக்கத்து உதாரணம் பிராட்மேன். 1938-க்கும் 1946-க்கும் நடுவில் அவருக்கு ஒரு டெஸ்ட் கூட இல்லை. 30 வயசிலிருந்து 38 வயசு வரை. 99.94-ஐப் பத்திப் பேசறப்போ இதை யாரும் சொல்றதில்லை.)

ஆனா ரெண்டாவது மோடில், போர் இல்லாத உலகத்தில் வில்லியம்ஸை ஓட்டிப் பார்த்தா எப்பவும் 677 பக்கம் வர்றதில்லை. சில ஓட்டத்தில் ரூத்தையே தாண்டிடறார். சில ஓட்டத்தில் இருபத்தாறு, இருபத்தேழு வயசில் ஏதோ ஒரு சுவரில் மோதி, அதோட முடிஞ்சு போறார். நிஜத்திலும் 1950-ல் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் சுவரில் மோதி முழங்கையை உடைச்சுக்கிட்டவர்தான். போர் எடுத்துக்கிட்ட வருஷங்களில் அவருக்கு என்ன காத்திருந்துச்சோ! போர் இல்லைன்னா எல்லாம் நல்லாத்தான் நடந்திருக்கும்னு நாம நினைக்கிறோம். பகடைக்கு அந்த மாதிரி நல்லெண்ணம் கிடையாது.

பாப் ஃபெல்லர் விஷயத்தில் இது இன்னும் பச்சையாத் தெரியும். கிளீவ்லாண்ட் பிட்சர், பயங்கர வேகம். 1939 முதல் 1941 வரை மூணு வருஷத்தில் 24, 27, 25 வெற்றி. பேர்ல் ஹார்பர் நடந்த கையோட கடற்படையில் சேர்ந்துட்டார். அலபாமா என்ற போர்க்கப்பலில் பீரங்கிப் பக்கம். ஏறக்குறைய நாலு சீசன் போச்சு. திரும்பி வந்து 1946-ல் 26 வெற்றி, 348 ஸ்ட்ரைக்அவுட். மொத்தம் 266-ல் நின்னார். நாலு வருஷத்துக்கு நூறு சேர்த்தா 366-னு எல்லாரும் சுலபமாச் சொல்வாங்க. ஆனா 1946-ல் அவர் வீசினது 371 இன்னிங்ஸ். அந்தக் கை நாலு வருஷம் ஓய்விலிருந்த கை. ஓய்வில்லாம ஓடியிருந்தா 1945-லயே ஓய்ஞ்சிருக்கலாம். ரெண்டாவது மோடில் நிறைய தடவை அப்படித்தான் ஆகுது.

எனக்குப் பிடிச்ச கேஸ் இதுக்கு நேர் எதிர், சாண்டி கூஃபாக்ஸ். டாட்ஜர்ஸ் பிட்சர். 1955-ல் 19 வயசில் வந்தார். முதல் ஆறு வருஷம் 36 வெற்றி, 40 தோல்வி. வேகம் இருந்துச்சு, பந்து எங்கே போகும்னு அவருக்கே தெரியாது. 1961 ஆரம்பத்தில் பயிற்சி முகாமில் நார்ம் ஷெர்ரி என்ற கேட்சர், இவ்வளவு முக்கி வீசாதே, கொஞ்சம் தளர்த்தி வீசுன்னு சொன்னார். அடுத்த ஆறு வருஷம் 129 வெற்றி, 47 தோல்வி. பேஸ்பால் சரித்திரத்தின் உச்சங்களில் ஒண்ணு. 1966-ல் 27 வெற்றி வாங்கிட்டு, முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயசில் விடை வாங்கிக்கிட்டார்.

எல்லாரும் கேட்கிற கேள்வி, அந்த முழங்கை நல்லா இருந்திருந்தா? நான் ஓட்டிப் பார்த்தது வேற: 1960-லிருந்து ரெண்டாவது மோடில் விட்டா என்ன ஆகுது? பெரும்பாலான ஓட்டத்தில் ஒண்ணும் ஆகறதில்லை :-( ரெண்டு மூணு வருஷம் தடுமாறி, அணி கைவிட்டு, பேர் பட்டியலில் காணாமப் போயிடறார். விளையாட்டுக்குத் தெரிஞ்சது 36-40 மட்டும்தானே. நார்ம் ஷெர்ரி சொன்ன ஒரு வார்த்தையை எந்தக் காலத்தில் போட்டு வெக்கிறது? பிராஜெக்டில் ரேட்டிங் குறைஞ்சு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நம்ம பசங்களை நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஹெர்ப் ஸ்கோர் கதையையும் சொல்லிடறேன். கிளீவ்லாண்ட் பிட்சர். 1955-ல் அறிமுக வருஷத்திலேயே 245 ஸ்ட்ரைக்அவுட், அடுத்த வருஷம் 263. 1957 மே மாசம் அவர் வீசின பந்தை எதிரணிக்காரர் திருப்பி அடிக்க, அது நேரா முகத்தில் பட்டது. மொத்த வெற்றி 55-ல் நின்னு போச்சு. அந்தப் பந்தை மட்டும் அழிச்சுட்டு ஓட்டினா என்ன ஆகும்னு பல பேர் ஓட்டறாங்க. ஆனா ஸ்கோரே கடைசி வரை சொன்னது, தன்னைக் கெடுத்தது அந்தப் பந்து இல்லை, 1958-ல் ஏற்பட்ட கைக் காயம்தான்னு. எந்த நிமிஷத்தைத் திருத்தணும்னு தெரியாம கன்ட்ரோல்-இஸட் அடிச்சு என்ன பிரயோஜனம்?

ஷூலெஸ் ஜோ ஜாக்சன் பத்தி அதிகம் எழுத எனக்கு ஆசையில்லை. ஆவரேஜ் .356. 1919 உலகத் தொடரில் சூதாட்டக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டுத் தோத்தாங்கன்னு அவரையும் சேர்த்து எட்டுப் பேர் மேல குற்றச்சாட்டு. 1921 ஆகஸ்டில் கோர்ட் விடுதலை பண்ணுச்சு, பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் வாழ்நாள் தடை போட்டார். காசு கைக்கு வந்ததை ஜாக்சனே ஒத்துக்கிட்டார். அதே தொடரில் அவர் ஆவரேஜ் .375. அதனால நூறு வருஷமா பட்டிமன்றம் ஓயலை. 2025 மே மாசம் கமிஷனர் மேன்ஃப்ரெட், ஆயுள் தடை ஆளோட சாவோட முடியுதுன்னு சொல்லிப் பட்டியலிலிருந்து எடுத்துட்டார். விளையாட்டில் 1920-க்குப் பிறகும் அவரை ஆட விடலாம். பந்து எகிறிப் பறந்த காலம், நல்லாவே அடிக்கிறார். ஆனா அந்த ஓட்டத்தில் எனக்கு ருசியில்லை. டேட்டாபேஸைப் பொறுத்தவரை போருக்குப் போனவனும் காசு வாங்கினவனும் ஒண்ணு, ரெண்டு பேருக்கும் 'வரிசை இல்லை', அவ்வளவுதான்.

இப்போ சொல்லப் போறவருக்கு வரிசை மட்டுமில்லை, டேபிளே இல்லை.

ஜோஷ் கிப்சன். 1911-ல் ஜார்ஜியாவில் பிறந்து பிட்ஸ்பர்கில் வளர்ந்தவர். கேட்சர். 1930-ல் 18 வயசில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பர்கள் மேஜர் லீகில் ஆடக்கூடாதுன்னு எழுதப்படாத சட்டம் இருந்த காலம். அதனால் அவங்களுக்குன்னு தனியா நீக்ரோ லீகுகள். 1943-ல் அவருக்கு மூளையில் கட்டின்னு கண்டுபிடிச்சாங்க. அந்த வருஷமும் ஆடினார். 1947 ஜனவரி 20-ம் தேதி 35 வயசில் செத்துப் போனார். ஏப்ரல் 15-ம் தேதி ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் இறங்கி அந்தச் சட்டத்தை உடைச்சார். நடுவில் 85 நாள்.

வில்லியம்ஸுக்கு மூணு காலி வரிசையை முன்னும் பின்னும் பார்த்து நிரப்பினோமே, அதுக்கு முன்னும் பின்னும் எழுதி வெச்சிருந்தாங்க. கிப்சனுக்கு யார் எழுதி வெச்சாங்க? லீக் ஆட்டங்கள் வருஷத்துக்கு அறுபது எண்பதுதான். மத்த நாளெல்லாம் பஸ் ஏறி ஊர் ஊராப் போய் கிடைச்ச அணியோட ஆடணும், அப்பதான் சோறு. அந்த ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் ஸ்கோர் கார்டே மிஞ்சலை. லீக் ஆட்டங்களுக்கே பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் மாதிரி கறுப்பர் பத்திரிகைகள்தான் கதி. எவை எல்லாம் மேஜர் லீக்னு முடிவு பண்ண 1969-ல் ஒரு கமிட்டி உட்கார்ந்துது. ஆறு லீகுகளைச் சேர்த்தாங்க. நீக்ரோ லீகை விவாதத்துக்குக் கூட எடுக்கலை. லேமன் டேட்டாபேஸ் வந்தப்போ அந்தப் பட்டியலின் வழிதான். அதனால் அதை வெச்சு ஓடின சிமுலேஷன்களில் கிப்சன் இல்லை. போர் இல்லாத உலகம், காயம் இல்லாத உலகம், சூதாட்டம் இல்லாத உலகம் எல்லாத்தையும் ரெண்டு கிளிக்கில் உண்டாக்கலாம். நிறத்தடை இல்லாத உலகத்தை மட்டும் உண்டாக்க முடியாது. நிஜத்தில் வெளியே நிறுத்தினாங்க, கற்பனையிலும் அதே வாசலில் நின்னார்.

இதைச் சரி பண்ணினது பேஸ்பால் அமைப்பு இல்லை, முதலில் நம்மள மாதிரி பைத்தியங்கள்தான். வேலை முடிஞ்சு வந்து மைக்ரோஃபிலிமில் பழைய பேப்பரைத் தேடித் தேடி ஒவ்வொரு ஸ்கோரா எடுத்து எழுதினாங்க. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 2009-ல் நீக்ரோ லீக் நட்சத்திரங்களுக்குத் தனி அட்டைக்கட்டு வெளியிட்டது. 2011-ல் சீம்ஹெட்ஸ் தளத்தில் நீக்ரோ லீக் டேட்டாபேஸ் வந்தது. 2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரை இருந்த ஏழு நீக்ரோ லீகுகளும் மேஜர் லீகுகளேன்னு ஒத்துக்கிச்சு. 2024 மே மாசம் புள்ளிவிவரத்தையும் சேர்த்தாங்க. ஒரே நாளில் டை காப் ரெண்டாம் இடத்துக்குப் போனார். அவர் வாழ்நாள் ஆவரேஜ் .367, கிப்சனோடது .372. ஒரு சீசன் சாதனையும் கிப்சனுக்கே, 1943-ல் .466. ஆமா, மூளையில் கட்டின்னு தெரிஞ்ச அதே வருஷம்.

இப்போ அவரைச் சிமுலேஷனில் இறக்கலாம். ஆனா எத்தனை வலுவோட? மொத்தம் பதிவானது சுமார் 600 ஆட்டம், 200-க்கும் குறைவான ஹோம் ரன். அவருடைய ஹால் ஆஃப் ஃபேம் பலகையோ 800-ஐ நெருங்கியதுன்னு சொல்லுது. சீசனுக்கு 200 வாய்ப்புன்னா மேல போட்ட அதே கணக்கில் பிழை இரு பக்கமும் .065 வரை போகும். எனக்கு இங்கே ஒரு அபிப்பிராயம் உண்டு. குறைவாப் பதிவானதால அவர் திறமையையும் ஜாக்கிரதையாக் குறைச்சு வைக்கிறது நியாயம் மாதிரி தெரியும். ஆனா பதிவு ஏன் குறைஞ்சுதுங்கிறதை யோசிச்சா அது நியாயம் இல்லை. அவரைத் தாராளமாவே விடணும்.

கதவைத் திறந்தா இன்னொண்ணு நடக்குது. அன்னிக்கு மேஜர் லீகில் 16 அணி, அணிக்கு 25 பேர், மொத்தம் 400 நாற்காலி. கிப்சன், சாட்செல் பேஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், பக் லெனார்ட், கூல் பாப்பா பெல்னு ஆள் உள்ளே வர வர, 400-ல் யாரோ ஒருத்தர் எழுந்திரிக்கணும். நிஜத்தில் பத்து வருஷம் ஆடின சாதாரண ஆட்டக்காரர்கள் என் ஓட்டத்தில் ஒரு ஆட்டம் கூட ஆடறதில்லை. ரூத், காப் எல்லாரோட எண்களும் இப்படிச் சாத்தின கதவுக்குள்ள அடிச்ச எண்கள்தான். பேஜ் ஒருவழியா உள்ளே வந்தது 1948-ல், 42 வயசில், ஃபெல்லரோட கிளீவ்லாண்ட் அணியில். அந்த வயசிலும் 6 வெற்றி, ஒரே தோல்வி. முப்பது வயசு பேஜை எதிர்த்து ரூத் எத்தனை அடிச்சிருப்பார்னு யோசிச்சுக்குங்க.

டெட் வில்லியம்ஸுக்கு இது தெரிஞ்சிருந்தது. 1966-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தப்போ, தன் ஏற்புரையில் யாரும் எதிர்பார்க்காம பேஜையும் கிப்சனையும் பேர் சொல்லி, அவங்களும் ஒருநாள் இங்கே வரணும்னு கேட்டுக்கிட்டார். பேஜ் 1971-ல் வந்தார், கிப்சன் 1972-ல். அவர் அதைச் சொன்னதில் ஒரு முரண் இருக்கு. அவரோட ரெட் சாக்ஸ்தான் 16 அணிகளில் கடைசியாக் கறுப்பு ஆட்டக்காரரைச் சேர்த்த அணி, 1959-ல். 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சனையே தங்கள் மைதானத்தில் ஆட வெச்சுப் பார்த்துட்டு, சொல்லி அனுப்பறோம்னு அனுப்பிட்டாங்க. சொல்லி அனுப்பவேயில்லை. அடுத்த வருஷம் உலகத் தொடரில் கடைசி ஆட்டம் வரை போய்த் தோத்தாங்க. வில்லியம்ஸ் ஆடின ஒரே உலகத் தொடர் அது. ராபின்சனும் வில்லியம்ஸும் ஒரே அணி. சிமுலேஷனில் யாராவது புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா நான் சிபாரிசு பண்றது அந்த 1945 ஏப்ரல்தான்.

நான் இப்போ ஓட்டிக்கிட்டிருக்கிறது வேற. 1930-லிருந்து, 18 வயசு கிப்சனை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் சேர்த்து. லோக்கல் பையன்தானே. கிரேஸ் அணியே பைரேட்ஸோட ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தை வாடகைக்கு எடுத்துத்தான் ஆடுச்சு, வெள்ளைக்கார அணி வெளியூர் போயிருக்கிற நாளாப் பார்த்து. 1930களின் கடைசியில் கூரியர் பத்திரிகைக்காரர் ஒருத்தர் பைரேட்ஸ் மேனேஜர் பை டிரேனருக்கு, உங்களுக்கு வேண்டிய ஆட்கள் இதே ஊரில்தான் இருக்காங்கன்னு கிப்சன், பேஜ் பேரெல்லாம் போட்டுத் தந்தி அடிச்சார். பதில் வரலை. 1938-ல் பைரேட்ஸ் லீக் பட்டத்தை ரெண்டே ஆட்ட வித்தியாசத்தில் கோட்டை விட்டது.

என் ஓட்டம் நேத்து ராத்திரி 1934 வரைக்கும் வந்திருக்கு. கிப்சனுக்கு முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுது. 1938 வரட்டும், பார்க்கலாம்.